தருமபுரி–கிருஷ்ணகிரி ஃபைபரில் பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு இரண்டு கடிகாரங்களை ஒத்திசைப்பது எப்படி?

ஒரு நானோ நொடிக்குள் ஒத்திசைவு இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒயிட் ராபிட் (White Rabbit) என்ற ஈதர்நெட் ஒத்திசைவு முறை போதும். சில பிக்கோ நொடி (நானோ நொடியில் ஆயிரத்தில் ஒன்று) வரை இறங்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த முறை.

இரண்டு ஊருக்கும் நடுவே கேபிள் 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒளி கடக்க சுமார் 245 மைக்ரோ நொடி ஆகும். இழப்பு 10 டெசிபல். ஃபைபர் ஒரு டிகிரி சூடேறினாலே பயண நேரம் கிட்டத்தட்ட 2 நானோ நொடி கூடிவிடும். சித்திரை வெயிலில் கம்பத்தில் தொங்கும் கேபிளை நம்பி ஒருவழியாக அளந்து பயனில்லை. ஒரே ஃபைபரில் இருபுறமிருந்தும் அனுப்ப வேண்டும். போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் கடிகார வித்தியாசம். வெயிலால் கூடியது இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும்.

இரு முனையிலும் ஒரே மாதிரி செட்: 780 நானோமீட்டர் லேசரால் இயங்கி 1560 நானோமீட்டரை ஒட்டி பிணைந்த ஃபோட்டான் ஜோடி தரும் பிபிஎல்என் (PPLN) படிகம், போகும் ஒளியையும் வரும் ஒளியையும் பிரிக்கும் சர்க்குலேட்டர், இரண்டு ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர், ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரத்தைக் குறிக்கும் டைம் டேகர், ரூபிடியம் கடிகாரம். ஜோடியின் இரண்டு ஃபோட்டானும் ஒரே கணத்தில் பிறப்பவை. ஒன்று உள்ளூர் டிடெக்டருக்கு, மற்றது அடுத்த ஊருக்கு. இரண்டும் வந்த நேரங்களின் வித்தியாசத்தைக் குவித்து வரைந்தால் ஓரிடத்தில் ஒரு பீக் எழும்; அதன் மையம்தான் அந்தத் திசையின் அளவீடு. நடுவில் ஆம்ப்ளிஃபையர் இல்லாத டார்க் ஃபைபர் (வேறு யாரும் ஒளி அனுப்பாத ஃபைபர்) வேண்டும்; ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலில் ஒற்றை ஃபோட்டான் மூழ்கிவிடும்.

முதலில் இரண்டு செட்டையும் ஒரே அறையில், ஒரே கடிகாரத்தில், சிறிய பேட்ச் கார்டால் இணைத்து நிலையான வித்தியாசத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் எந்த கார்டையும் மாற்றாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம் என்பது 5 பிக்கோ நொடி. களத்தில் "அதே மாதிரி" என்று வேறு கார்டைச் செருகினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஊருக்குப் போனதும் ஜிபிஎஸ்ஸின் 1 பிபிஎஸ்ஸை (நொடிக்கு ஒரு துடிப்பு) டேகரின் ஒரு சேனலில் கொடுங்கள். பீக்கை எங்கே தேடுவது என்று அதுதான் காட்டும். நொடிக்கு 1 லட்சம் ஜோடி, 10 சதவீதத் திறனுள்ள டிடெக்டர் என்றால் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 100 ஜோடிதான் மிஞ்சும். பீக்கின் பரவல் 150 பிக்கோ நொடி என்றால், 10 நொடியில் 1000 ஜோடி சேர்ந்து மையம் 5 பிக்கோ நொடிக்குத் தெரியும்.

முள் போல நிற்க வேண்டிய பீக் மேடாகப் படுத்துவிட்டால், காரணம் பெரும்பாலும் நிறப்பிரிகைதான் (ஃபைபரில் ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் போவது): அலைநீளம் ஒரு நானோமீட்டர் மாறினால் 850 பிக்கோ நொடி. உள்ளூர் ஃபோட்டானின் பாதையில் எதிர்க்குறி நிறப்பிரிகையைச் சேர்த்தால் பீக் சுருங்கும். அதற்கு டிசிஎஃப் (நிறப்பிரிகையை ஈடுகட்டும் ஃபைபர்) சுருள் வேண்டாம். பல கி.மீ. நீளமுள்ள அந்தச் சுருள் அறையின் சூட்டுக்கே நகரும், உள்ளூர் பாதை என்பதால் இருவழியிலும் கழியாது. அதே வேலையைக் குறைந்த நீளத்தில் செய்யும் கிரேட்டிங் மாட்யூலே சரி. அதன் பின்னும் பீக் அகலமாகவே இருந்தால் ரூபிடியத்தைப் பாருங்கள். 10⁻¹¹ அதிர்வெண் வித்தியாசம் 10 நொடியில் 100 பிக்கோ நொடி நகர்த்தும். தரவை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டி, சாய்வைக் கழித்துச் சேருங்கள்.

சொந்த ஒளியே ஃபைபரிலிருந்து சிதறித் திரும்பி டிடெக்டரை நிரப்பும். இரு திசைக்கும் 0.8 நானோமீட்டர் தள்ளி அலைநீளம் வைத்து ஃபில்டர் போட்டால் அது அடங்கும். ஆனால் நீண்ட அலைநீளம் 680 பிக்கோ நொடி பிந்தி வரும். அதில் பாதியான 340-ஐத் திருத்தத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

பூமியின் சுழற்சிக்கும் ஒரு திருத்தம் உண்டு. கிருஷ்ணகிரி தருமபுரிக்குக் கிழக்கே 6 கி.மீ. தள்ளியிருப்பதால் சுமார் 30 பிக்கோ நொடி.