பொதுக் குளமும் டயப்பர் பிள்ளையும்

டர்பனில் டிசம்பர் வெயில் வந்தால் குடியிருப்பு வளாகக் குளங்களில் பிள்ளைகள் கூட்டம்தான். முதலில் குளத்து வேலியின் கேட்டைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தரப்படி வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் பந்து எந்தச் சந்திலும் நுழையக் கூடாது. கேட் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். நாலு விரல் அகலம் திறந்து, கையை எடுத்துப் பாருங்கள். கொண்டி 'டக்' என்று விழவில்லையா? கடல் காற்றில் கீல் துருப்பிடித்திருக்கும், உடனே பராமரிப்பாளரிடம் சொல்லுங்கள். வேலியோரம் நாற்காலி போடவே வேண்டாம், பிள்ளைக்கு அது ஏணி.

சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊதிக் கிழியும். உள்ளிருக்கும் ஜெல் குளமெங்கும் பரவும். நீச்சல் டயப்பர் கெட்டியான மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், சிறுநீரையும் பேதியையும் தாங்காது. மணிக்கொரு முறை பார்த்து, குளத்தோரத்தில் அல்ல, கழிப்பறையில் வைத்து மாற்றுங்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தால் குளமே கிடையாது. அதற்குக் காரணமாகும் கிருமிகளில் ஒன்றான கிரிப்டோஸ்போரிடியம் குளோரின் சரியாக இருக்கும் நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் பிழைத்திருக்கும். அந்தத் தொற்று என்றால், பேதி நின்று இரண்டு வாரம் கழித்தே இறக்குங்கள்.

கைப்பட்டை மிதவையை நம்பாதீர்கள். பெரியவர் ஒருவர், கைபேசி இல்லாமல், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.