பொட்டாஷ் விலை: கணக்குப் பார்க்கும்போது சறுக்குகிற இடங்கள்

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்க உரக்கடைகளில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "யூரியா 266 ரூபாய்க்குத் தர்றீங்க, பொட்டாஷ் மட்டும் எப்படிங்க ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுது?" கோபம் முழுக்கக் கடைக்காரர் மேல் பாய்கிறது. ஆனால் யூரியாவின் விலையை நிர்ணயிப்பது மத்திய அரசு. பொட்டாஷுக்கு அந்தக் கட்டுப்பாட்டை 1992 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகும் சலுகைத் தொகை கொடுத்து, இந்த விலைக்கு விற்கலாம் என்று அரசு சொல்லிவந்தது. 2010 ஏப்ரலில் அதுவும் முடிந்தது. அன்றிலிருந்து சத்துக்கு ஏற்ப ஒரு மானியம் மட்டும்தான். விற்பனை விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. யூரியாவோடு ஒப்பிட்டு பொட்டாஷ் விலையைப் புரிந்துகொள்ள முடியாது.

உலகச் சந்தையில் ஏறினால் நமக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. நமக்கு வேண்டிய பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் பழைய விலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2008-இல் இந்தியா டன்னுக்கு 625 டாலர் கொடுத்து வாங்கியது. அதற்குமுன் கண்டிராத விலை. அந்த ஆண்டு விவசாயி கொடுத்ததோ டன்னுக்கு 4,455 ரூபாய், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 223 ரூபாய்க்குள். ஒரு பைசாகூட ஏறவில்லை, எல்லாவற்றையும் மானியம் தாங்கிக்கொண்டது. 2012-இல் உலக விலை 490 டாலருக்கு இறங்கியிருந்தது. கடையில் மூட்டை 800 ரூபாயைத் தாண்டியது! உலகச் சந்தை விலையும் நம்மூர் மூட்டை விலையும் எதிரெதிர்த் திசையில் போன காலம் அது. டாலரின் மதிப்பு உயர்ந்தது ஒரு காரணம், மானிய முறை மாறியது பெரிய காரணம்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர்களுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும். இறவை மரவள்ளிக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 240 கிலோ சாம்பல் சத்து. பொட்டாஷ் உரத்தில் இருப்பது இந்தச் சத்துதான், 60 சதவீதம். ஏக்கருக்கு மூன்றேகால் மூட்டை பொட்டாஷ் என்று வருகிறது. 2009-இல் இதற்கான செலவு சுமார் 720 ரூபாய். 2022-இல் மூட்டை 1,700 ரூபாய்க்கு விற்றபோது அதுவே 5,500 ரூபாய்.

2022 விலையேற்றத்துக்கு உக்ரைன் போரை மட்டும் காரணம் சொல்வதும் பாதிக் கணக்குதான். பெலாரஸ் மீது 2021-இலேயே பொருளாதாரத் தடைகள் வந்துவிட்டன. அந்த நாட்டுப் பொட்டாஷை லிதுவேனியா தன் ரயிலில் ஏற்றுவதை நிறுத்தியது 2022 பிப்ரவரி 1-இல், போர் தொடங்கியது 24-இல். அந்த ஆண்டு விலையேற்றத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

மண்ணுக்கடியில் இருப்பு குறைந்துவிட்டது, அதனால்தான் விலை என்று ஒரு பேச்சும் உண்டு. ஆனால் கனடாவின் சஸ்காட்செவன் என்ற ஒரு மாகாணத்திலேயே மலைபோல் இருக்கிறது. குறைவாக இருப்பது விற்கிறவர்கள். முதல் உலகப்போரில் ஜெர்மனி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அமெரிக்காவில் டன் 40 டாலருக்குள் விற்றது 500 டாலரை நெருங்கியது. எதிர்த் திசையிலும் இதே கதைதான். 2013 ஜூலையில் ரஷ்யாவின் உரால்காலி நிறுவனம், பெலாரஸோடு வைத்திருந்த கூட்டு விற்பனையை முறித்துக்கொண்டதும் விலை சரியத் தொடங்கியது, 2016-இல் 227 டாலருக்கு வந்துவிட்டது. நம்மூர் மூட்டையில் 250 ரூபாய் குறைந்தது 2016 ஜூலையில். மூன்று வருடம் கழித்து! செய்தியில் விலைச் சரிவு என்று படித்துவிட்டு அடுத்த வாரம் கடையில் குறையும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

கடைசியாக நடந்ததும் ஏறக்குறைய அப்படியே. 2022 காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்தில் சாம்பல் சத்து கிலோவுக்கு மானியம் 25 ரூபாய் 31 காசு, மூட்டைக்கு 759 ரூபாய். உலக விலை இறங்கியதும் 2023 அக்டோபரிலிருந்து அதை 2 ரூபாய் 38 காசாக வெட்டினார்கள். மூட்டைக்கு 71 ரூபாய்தான். 2024-இல் இறக்குமதி விலை 280 டாலர் அளவுக்கு வந்தும் கடையில் 1,500-க்குக் கீழே போகவில்லை. மானியம் வெட்டப்பட்டது போக மீதிக் குறைப்பு எங்கே தங்கியது என்பதை இறக்குமதியாளர்களின் கணக்கில்தான் தேட வேண்டும்.

சரி, விலை ஏறினால் என்ன செய்கிறோம்? பொட்டாஷை நிறுத்திவிட்டு யூரியாவைக் கூட்டுகிறோம். பச்சை பிடிக்கும், கிழங்கு பருக்காது. இன்னொரு வழக்கம், பல சத்துகள் சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரத்தை நம்பி, "காம்ப்ளக்ஸ் போட்டாச்சு, அதில் பொட்டாஷும் இருக்கும்" என்று விட்டுவிடுவது. 20-20-0-13 என்று எழுதிய மூட்டையில் சாம்பல் சத்தைக் குறிக்கும் மூன்றாவது எண் பூஜ்யம், அந்தச் சத்து துளியும் இல்லை. 10-26-26-இல் கடைசி 26 பொட்டாஷ். அந்த மூன்றாவது எண்ணைப் பார்க்காமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். சிவப்புப் பொட்டாஷின் நிறத்துக்குக் காரணம் இரும்பு, வெள்ளைப் பொட்டாஷிலும் அதே 60 சதவீதம்தான்.

அப்புறம், எல்லா நிலத்துக்கும் முழு அளவு தேவைப்படாது. மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து ஏக்கருக்கு 113 கிலோவுக்கு மேல் காட்டினால் அது அதிகம் என்ற வகை, அளவைக் குறைக்க இடமுண்டு. 48-க்குக் கீழே என்றால் விலை என்னவானாலும் குறைக்காதீர்கள். தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரிக்காரர்கள் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் அட்டையைக் காட்டி, எத்தனை மூட்டை என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போகலாம்.