"தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சாலே தப்பாத்தான் எடுத்துப்பாங்க

"தப்பா எடுத்துக்காத, முன்னாடி நீ நல்லா இருந்த, இப்ப ரொம்ப வெயிட் போட்டுட்ட." இதுல அந்த முதல் ரெண்டு வார்த்தை மட்டும் இல்லாம இருந்திருந்தா பாதி கோவம்தான் வந்திருக்கும். குத்தவும் குத்திட்டு, குத்துறதுக்கு முன்னாடியே நீ கத்தக்கூடாதுன்னு வாயையும் அடைச்சா யாருக்குத்தான் எரிச்சல் வராது. "மனசுல பட்டத சொல்றேன்", "ஓப்பனா சொல்லணும்னா" இதெல்லாம் அதே குடும்பம்தான். விஷயத்த சொல்லியே ஆகணும்னா நேரா சொல்லிடுங்க, இல்லையா விட்டுடுங்க, முன்னாடி ஒரு பாதுகாப்பு வரி போட்டா யாரும் காயப்படாம இருக்க மாட்டாங்க.

நான் கவனிச்ச வரைக்கும் ஒரு வார்த்தைய அடிக்கடி கேக்கறதால மட்டும் எரிச்சல் வர்றதில்ல, அது சொல்றது ஒண்ணு செய்யறது ஒண்ணா இருக்கும்போதுதான் வருது. "ஷார்ட்டா சொல்றேன்"னு ஆரம்பிச்சு இருபது நிமிஷம் பேசுறது, இன்னும் குளிக்கவே போகாம "வந்துட்டே இருக்கேன்"னு சொல்றது, முடியாதுன்னு தெரிஞ்சே "கண்டிப்பா பாக்கலாம்"னு சொல்றது. இதுல கடைசி ஒண்ண தயவுசெஞ்சு நிறுத்துங்க, அந்தப் பக்கம் ஒருத்தர் நம்பி காத்துட்டு இருப்பார். "இந்த மாசம் முடியாது"ன்னு சொல்லிட்டா அன்னைக்கு மட்டும்தான் வருத்தம்.

பாராட்டு கதை வேற. "வேற லெவல்", "செம", "தரமான சம்பவம்"னு எல்லாத்துக்கும் ஒரே முத்திரை குத்தினா பாராட்டு வாங்கினவருக்கு என்ன நல்லா இருந்ததுன்னே தெரியாது. வார்த்தை இப்படி தேயறது புதுசு இல்ல, "பயங்கரம்"னா அச்சம் தர்றதுன்னு அர்த்தம், இப்ப பயங்கர அழகு, பயங்கர டேஸ்ட்னு சர்வ சாதாரணமா சொல்றோம், யாரும் பயப்படறதில்ல. அதனால "செம"வ ஒழிக்க வேண்டாம், அதுக்குப் பின்னாடி ஒரு வரி சேருங்க, "செம, அந்த கடைசி பத்தி படிச்சப்ப சிரிச்சிட்டேன்"னு. அது போதும்.

நியூஸ்ல வர்ற "என்பது குறிப்பிடத்தக்கது" பத்தி என்ன சொல்ல, அதான் குறிப்பிட்டாச்சே.

துக்கத்துல இருக்கறவங்ககிட்ட "எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்றத மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். வேலை போனவர்கிட்ட, உறவு முறிஞ்சவர்கிட்ட அது எப்படி நல்லதாகும்? சொல்றவருக்கு அந்த பேச்ச சீக்கிரம் முடிச்சா போதும்னு இருக்கு, கேக்கறவருக்கு அது நல்லாவே புரியும். பேச எதுவும் தோணலன்னா "என்ன சொல்றதுன்னே தெரியல"ன்னு சொல்லிட்டு பக்கத்துல உக்காந்திருங்க.

இந்த எரிச்சல் நம்ம காலத்துக்கு மட்டும் சொந்தமில்ல. 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல மிகைபடக் கூறல், கூறியது கூறல், நின்று பயன் இன்மை மூணும் அப்படியே நம்ம ஆபீஸ் மீட்டிங்குக்கு எழுதின மாதிரி இருக்கும். அமெரிக்காவுல லேக் சுப்பீரியர் ஸ்டேட் யூனிவர்சிட்டி 1976லேருந்து வருஷா வருஷம் ஒழிக்க வேண்டிய வார்த்தைகள்னு பாதி விளையாட்டா ஒரு பட்டியல் போடுது. பட்டியல் வருதே தவிர வார்த்தைங்க எங்கயும் போகல.

இன்னொரு தப்பும் இருக்கு, எல்லாத்தையும் களையெடுக்க கிளம்பறது. "நான் வந்து, நேத்து வந்து"ன்னு வர்ற அந்த "வந்து"வ பாவம் விட்டுடுங்க. தனக்குன்னு பொருள் இல்லாம நிக்கிற சொல்லுக்கு நம்ம இலக்கணமே அசைச்சொல்னு ஒரு இடம் குடுத்திருக்கு. இங்கிலீஷ்ல "அ...", "அம்..."னு இழுக்கறத 2002ல ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீன்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு, முதல்து சின்ன இடைவெளி வரப்போகுதுன்னும் ரெண்டாவது கொஞ்சம் பெரிய இடைவெளி வரப்போகுதுன்னும் கேக்கறவருக்கு சொல்லுதுன்னு எழுதினாங்க. யோசிக்கறவன் இழுக்கத்தான் செய்வான். பேசிட்டு இருக்கும்போதே குறுக்க பூந்து "எத்தன தடவ ஆக்சுவலா சொல்ற"ன்னு எண்ணி காட்டுறவர் இருக்காரே, அவர் அந்த "ஆக்சுவலா"வ விட பெரிய தொல்லை.

நம்ம வார்த்தை எதுன்னு நமக்கே தெரியாது, கூட இருக்கறவங்களுக்கு நல்லா தெரியும். நான் என்னமோ "பேசிக்கலி"ன்னுதான் சொல்வாங்கன்னு நினைச்சு வீட்ல கேட்டேன். ரெண்டு பேர் ஒரே குரல்ல "புரியுதா!"ன்னாங்க. நம்பாம நான் அனுப்பின ஒரு வாய்ஸ் மெசேஜ திருப்பிப் போட்டு கேட்டேன், மூணு நிமிஷத்துல பதினோரு "புரியுதா". அதுல எதிர்ல இருக்கறவர் மக்குன்னு ஒரு தொனி இருக்குன்னு அப்பதான் காதுல விழுந்துச்சு. இப்ப "நான் தெளிவா சொல்றேனா?"ன்னு மாத்தி பழகிட்டு இருக்கேன், நேத்து அதையும் ஒன்பது தடவ சொன்னேனாம்.