நாஸ் ஃபோல்டர் திறக்கவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஃபோன் செய்தார். “டேய், மாடியில வச்சிருக்கிற அந்தப் பொட்டி திறக்க மாட்டேங்குது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.”

பொட்டி என்று அவர் சொல்வது ரௌட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க் வழியாக எல்லோரும் கோப்புகளைப் போட்டு எடுக்கும் சேமிப்பகம். இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட சின்னக் கருவி. வீட்டில் எல்லோருடைய ஃபோட்டோவும் அதில்தான். நான் போய்ச் சேர்வதற்குள் ரௌட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து லேப்டாப்பின் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்திருக்கிறான். அதுவும் பலிக்கவில்லை என்றதும் “டிஸ்க் போயிருக்கும் ஆன்ட்டி” என்று குண்டைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன ஆனது என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

உங்கள் கணினியிலிருந்து நாஸில் உள்ள ஒரு கோப்பு வரை போக ஐந்து இடங்களைத் தாண்ட வேண்டும். நெட்வொர்க்கில் வழி இருக்க வேண்டும். பெயரோ முகவரியோ சரியாக இருக்க வேண்டும். இரண்டு கருவிகளும் எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பரிமாற்ற முறையின் ஒரே பதிப்பில் பேச வேண்டும். நீங்கள் யார் என்பதை நாஸ் ஏற்க வேண்டும். கடைசியாக, அந்த ஃபோல்டருக்கு உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். இந்த வரிசையிலேயே பாருங்கள். எங்கே நிற்கிறது என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

இங்கே விண்டோஸ் 11-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்: பிழைச் செய்தியைப் படியுங்கள்

பெரும்பாலானோர் பிழைச் செய்தி வந்ததும் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். பாதி விடை அதில்தான் இருக்கிறது. 53 என்ற எண்ணோ, 80070035 என்று முடியும் நீளமான எண்ணோ வந்தால், கணினி நாஸ் வரைக்குமே போகவில்லை. முதல் மூன்று படிகளைப் பாருங்கள். 1326 அல்லது 86 வந்தால், நாஸ் வரை போயாயிற்று, பெயரோ பாஸ்வேர்டோ தவறு, நான்காம் படி. 1219 என்றாலும் நான்காம் படிதான். 5 என்றால் உங்களை உள்ளே விட்டுவிட்டார்கள், ஆனால் அந்த அறைக்கு உங்களிடம் சாவி இல்லை, ஐந்தாம் படி.

இன்னொன்று, வீட்டில் வேறொரு கணினியிலோ ஃபோனிலோ நாஸ் திறக்கிறதா பாருங்கள். எதிலுமே திறக்கவில்லை என்றால் கோளாறு நாஸிலோ ரௌட்டரிலோ இருக்கிறது. ஒன்றில் மட்டும் திறக்கவில்லை என்றால் அந்தக் கணினியைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, பல மணி நேரம் மிச்சம்.

படி 1: வழி இருக்கிறதா?

நாஸின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியைக் குறிக்கும் எண், வேண்டும். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும், அதில் கிடைக்கும். உதாரணத்துக்கு 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தட்டி, வரும் கறுப்புத் திரையில் இதை அடியுங்கள்:

பிங் 192.168.1.20

நான்கு வரிகளில் நேரக் கணக்கோடு பதில் வந்தால் வழி இருக்கிறது, அடுத்த படிக்குப் போகலாம். வரவில்லை என்றால் அதே திரையில் ஐபிகன்ஃபிக் என்று தட்டி, உங்கள் கணினியின் முகவரியைப் பாருங்கள். வீட்டு நெட்வொர்க்கில் முகவரியின் முதல் மூன்று எண்கள் இரண்டு கருவிகளுக்கும் பொதுவாக ஒன்றாகத்தான் இருக்கும். நாஸ் 192.168.1-இலும் உங்கள் கணினி 192.168.0-இலும் இருந்தால் சிக்கல் இங்கேதான்.

நம் ஊர் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ஃபைபர் இணைப்போடு வரும் மோடமே ஒரு வைஃபை தரும். சிக்னல் போதவில்லை என்று நாம் இன்னொரு ரௌட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுவோம். இப்போது வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். உள்ளே இருக்கும் இரண்டாவது ரௌட்டரில் இணைந்த கருவி, வெளியே மோடமில் இணைந்த நாஸை எட்டிவிடும். ஆனால் நாஸ் இரண்டாவது ரௌட்டரில் இருந்து, லேப்டாப் மோடமின் வைஃபையில் இருந்தால் எட்டாது. ஹாலில் உட்கார்ந்தால் திறக்கிறது, படுக்கையறையில் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இரண்டாவது ரௌட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றிவிட்டால் வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் நாஸ் தெரியாது. விருந்தாளியின் ஃபோன் நம் கருவிகளைத் தொடக் கூடாது என்பதற்காகவே அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். நானே ஒரு முறை கெஸ்ட் வைஃபையில் இருப்பது தெரியாமல் ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அலுவலக வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

படி 2: பெயரா, முகவரியா?

ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இப்படி அடியுங்கள்:

\\192.168.1.20

முன்னால் இருப்பவை இரண்டு பின்சாய்வுக் கோடுகள். பழக்கத்தில் முன்சாய்வுக் கோடு போட்டுவிட்டு வரவில்லை என்பவர்களும் உண்டு. முகவரியில் திறந்து, நாஸின் பெயரில் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு. முகவரியையே பயன்படுத்துங்கள், போதும்.

எக்ஸ்புளோரரின் இடப்பக்கம் ‘நெட்வொர்க்’ பட்டியலில் நாஸ் தெரியவில்லை என்று பலர் பதறுகிறார்கள். அந்தப் பட்டியல் வெறும் விளம்பரப் பலகை. அதில் பெயர் இல்லாவிட்டாலும் முகவரி போட்டால் கதவு திறக்கும். அந்தப் பட்டியலை நிரப்பிய பழைய முறை எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை நம்பியிருந்தது. அந்தப் பதிப்பை விண்டோஸ் கைவிட்டதும் பழைய நாஸ்கள் பட்டியலிலிருந்து காணாமல் போயின. பட்டியலில் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், வைஃபையின் பண்புகளில் நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ ஆக மாற்றுங்கள். பிறகு நாஸில் டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற வசதியை இயக்குங்கள்.

படி 3: இருவரும் ஒரே மொழி பேசுகிறார்களா?

விண்டோஸும் நாஸும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். இதன் வாசல் 445-ஆம் எண் போர்ட். அது திறந்திருக்கிறதா என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தட்டித் திறந்து, அதில்:

டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.20 -போர்ட் 445

கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. பிங் வேலை செய்தும் இங்கே ஃபால்ஸ் வந்தால், நாஸில் எஸ்.எம்.பி. சேவை அணைந்திருக்கலாம். சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் வைத்திருப்பவர்கள் பிரவுசரில் நாஸ் முகவரிக்குப் பின்னால் :5000 சேர்த்து நிர்வாகப் பக்கத்துக்குப் போய், கன்ட்ரோல் பேனலில் ஃபைல் சர்வீசஸ் பகுதியைப் பாருங்கள். மற்ற நாஸ்களிலும் இதே போன்ற பெயரில் ஓர் இடம் இருக்கும்.

வாசல் திறந்தும், “இந்தப் பகிர்வுக்குப் பழைய எஸ்.எம்.பி.1 தேவை” என்ற பொருளில் செய்தி வருகிறதா? அதற்கு ஒரு கதை இருக்கிறது. எஸ்.எம்.பி. 1980களில் பிறந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பிடித்துத்தான் 2017 மே மாதம் வான்னக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள்கூடத் தப்பவில்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.1 தானாக நிறுவப்படுவதில்லை.

இணையத்தில் தேடினால், விண்டோஸில் அதை மறுபடி இயக்கச் சொல்லும் விளக்கங்கள் நிறைய கிடைக்கும். வேலையும் செய்யும். ஆனால் நான் சொல்ல மாட்டேன். முதலில் நாஸின் எஸ்.எம்.பி. அமைப்பில் அதிகபட்சப் பதிப்பை 3-க்கும், குறைந்தபட்சத்தை 2-க்கும் மாற்றிப் பாருங்கள். அந்தத் தேர்வே இல்லை என்றால் நாஸின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதுப்பிப்பே வராத கிழட்டுக் கருவி என்றால், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பது நல்லது.

இதே இடத்தில் வரும் இன்னொரு செய்தி, உங்கள் ‘நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை’ விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்பது. வீட்டில் ஏது நிறுவனம் என்று சிரிப்பு வரும். விஷயம் இதுதான்: உங்கள் நாஸ் பாஸ்வேர்டு கேட்காமல் எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ அப்படிப்பட்ட இணைப்பை ஏற்பதில்லை. வந்து சேர்வது உண்மையான தகவல்தானா என்று சரிபார்க்க ஒவ்வொரு செய்தியிலும் ஒரு கையொப்பத்தை அது எதிர்பார்க்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினரால் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது. தீர்வு சுலபம். நாஸில் உங்களுக்கென ஒரு பயனர் கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். விண்டோஸின் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டிய அவசியமே இல்லை.

படி 4: நீங்கள் யார்?

அத்தையின் சிக்கல் இங்கேதான் இருந்தது. விடுமுறைக்கு வந்த மகன், போகும்போது நாஸின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஃபோனில் புதியதைப் போட்டுக் கொடுத்துவிட்டான், லேப்டாப்பை மறந்துவிட்டான். லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே அனுப்பியது, நாஸ் மறுத்தது, விண்டோஸ் புதிதாகக் கேட்டது. அத்தை லேப்டாப்பைத் திறக்கத் தினமும் போடும் நான்கு இலக்க பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்.

அவர் மேல் தப்பில்லை. கேட்கும் பெட்டி பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பின் எண் அந்த லேப்டாப்புக்குள் மட்டும் செல்லும். நாஸுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே கேட்பது நாஸில் உருவாக்கிய பயனர் பெயரும் அதன் பாஸ்வேர்டும்தான். உங்கள் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலும் வேலைக்கு ஆகாது.

சரிசெய்வது இப்படி. ஸ்டார்ட் மெனுவில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்று தேடித் திறங்கள். ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் நாஸின் பெயரோ முகவரியோ இருக்கும் வரிகளை நீக்குங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். அப்புறம் கறுப்புத் திரையில்:

நெட் யூஸ் * /டெலீட்

திறந்திருக்கும் எல்லா நெட்வொர்க் இணைப்புகளையும் இது அறுத்துவிடும். நாஸில் உள்ள கோப்பு ஏதாவது திறந்திருந்தால் முதலில் சேமித்து மூடுங்கள். கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிட்டு மறுபடி \\192.168.1.20 அடியுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் 192.168.1.20\ என்று போட்டு, அதன் பின்னால் நாஸின் பயனர் பெயரைச் சேர்ப்பது நல்லது. இது நாஸில் உள்ள கணக்கு என்பது அப்போதுதான் குழப்பமில்லாமல் புரியும்.

1219 என்ற எண் வருபவர்களுக்கு: ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பயனர் பெயர்களில் போக விண்டோஸ் விடாது. மேலே சொன்ன அறுப்பு வேலையே இதற்கும் மருந்து. இரண்டு பெயர்களும் வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒன்றை நாஸின் பெயரிலும் மற்றொன்றை ஐ.பி. முகவரியிலும் இணையுங்கள். விண்டோஸ் அவற்றை இரண்டு தனிக் கருவிகளாக எண்ணிக்கொள்ளும்.

சில நாஸ்களில், தவறான பாஸ்வேர்டு பல தடவை வந்தால் அந்தக் கணினியின் முகவரியைத் தடைசெய்யும் வசதி இருக்கிறது. பாஸ்வேர்டு சரி என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை என்றால், வேறொரு கருவியிலிருந்து நிர்வாகப் பக்கம் போய்த் தடைப்பட்டியலைப் பாருங்கள்.

படி 5: இந்த ஃபோல்டருக்கு அனுமதி உண்டா?

உள்ளே போய்விட்டீர்கள், ஃபோல்டர் பெயர்கள் தெரிகின்றன, ஒன்று மட்டும் திறக்க மறுக்கிறது. அல்லது திறக்கிறது, சேமிக்க விடவில்லை. நாஸின் நிர்வாகப் பக்கத்தில் அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எழுதும் உரிமையும் இருக்கிறதா பாருங்கள். குழுக்களையும் மறக்காமல் பாருங்கள். சைனாலஜியில் உங்களுக்கு எழுதும் உரிமை கொடுத்திருந்தாலும், நீங்கள் இருக்கும் குழுவுக்கு ‘நோ ஆக்சஸ்’ என்று இருந்தால் அந்த மறுப்புதான் ஜெயிக்கும்.

திரும்ப வராமல் இருக்க

ரௌட்டர் மறுதொடக்கம் ஆகும்போது நாஸுக்கு வேறு முகவரி கிடைத்துவிடலாம். ரௌட்டரில், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று ஒன்று இருக்கும். அதில் நாஸுக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள். அதன் பிறகு எக்ஸ்புளோரரில் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ வழியாக அந்த முகவரியில் உள்ள ஃபோல்டரை ஒரு டிரைவாக மாட்டிக்கொள்ளலாம். அத்தையின் லேப்டாப்பில் அப்படித்தான் செய்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் நிறுத்திய ஃபயர்வாலையும் மறக்காமல் திரும்ப இயக்கினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஃபோன். டிரைவின் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்திருக்கிறதாம். லேப்டாப் திறந்த வேகத்துக்கு வைஃபை இணைந்திருக்காது, அதனால் விண்டோஸ் தொடர்பு இல்லை என்று குறி போட்டுவிடும். “அது மேலயே ரெண்டு தடவ கிளிக் பண்ணுங்க அத்தை” என்றேன். திறந்துவிட்டது.