டிஸ்னி வேர்ல்டு போகிறீர்களா? வெளியே வீடு எடுத்துத் தங்குவது எப்படி?

டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஓர்லாண்டோவுக்குப் போகலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் கிளம்புகிற பேச்சு, டிஸ்னிக்கு உள்ளேயே தங்குவதா வெளியே தங்குவதா என்பதுதான். பிள்ளைகளைக் கேட்டால் உள்ளே என்பார்கள். பர்ஸைக் கேட்டால் வெளியே என்று சொல்லும். நாங்கள் அட்லாண்டாவில் இருக்கிறோம், காரில் ஏழு மணி நேரம். வெளியே தங்கி இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை சொதப்பல். இரண்டாவது முறை, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தபோது, சரியாக அமைந்தது. முதல்முறை போகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஒரே பூங்கா அல்ல. 1971-இல் மேஜிக் கிங்டமோடு தொடங்கி, எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டுடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்கு பூங்காக்கள் இப்போது உண்டு. மொத்தப் பரப்பு சுமார் 40 சதுர மைல். அதனால் 'உள்ளே' தங்கினாலும் பூங்கா வாசல் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஹோட்டல்களிலிருந்து பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

விலை பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. டிஸ்னியின் மலிவு ரக ஹோட்டல்களில் சாதாரண ரூம் நான்கு பேருக்குத்தான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் அடங்கிவிடும். தாத்தா பாட்டியும் வந்தால் இரண்டு ரூம், இல்லையென்றால் விலை எகிறுகிற ஃபேமிலி சூட்.

எண்ணிக்கையோடு, யார் எப்போது தூங்குவார்கள் என்பதையும் யோசியுங்கள். முன்பு வேறு ஓர் ஊரில் எல்லோரும் ஒரே ஹோட்டல் ரூமில் தங்கினோம். அப்பாவுக்குக் காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று லைட் போடாமல் பாத்ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மூடிய டாய்லெட் மேல் உட்கார்ந்து போனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்தே முக்காலுக்கு நான் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த முறை கதவுள்ள தனி அறைகளும் அடுப்பும் இருக்கிற இடம்தான் என்று.

ஆறு பேரோ அதற்கு மேலோ என்றால் வீடு. நான்கு பேர் என்றால் சமையலறையோடு கூடிய சூட் ஹோட்டல் போதும். இரண்டு பேர், இரண்டே நாள், கார் இல்லை என்றால் உள்ளேயே தங்கிவிடுங்கள். வெளியே தேடி அலைவதில் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

படி 2: முகவரியை நம்பாதீர்கள், மேப்பைப் பாருங்கள்

நாங்கள் முதல் முறை ஏமாந்தது இங்கேதான். பக்கத்து ஊரான 'கிஸ்ஸிமி' என்று முகவரி போட்டிருந்தால் டிஸ்னிக்குப் பக்கத்தில் என்று அர்த்தம் இல்லை. யூ.எஸ். 192 என்ற சாலை டிஸ்னியின் தெற்கு வாசலைத் தொட்டுக்கொண்டு கிழக்கு மேற்காக நீளமாகப் போகிறது. அதன் மேற்குப் பக்கம் இருப்பதும் கிஸ்ஸிமிதான், கிழக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழைய ஊரும் கிஸ்ஸிமிதான். 'ஓர்லாண்டோ' என்ற முகவரி இன்னும் மோசம். நகரத்தின் மையத்திலிருந்து டிஸ்னி சுமார் 20 மைல்.

செய்ய வேண்டியது: நீங்கள் அதிக நாள் போகப்போகிற பூங்காவின் பார்க்கிங்கை இலக்காக வைத்து, மேப்பில் காலை 8 மணிக்கும் இரவு 10 மணிக்கும் எவ்வளவு நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். ஞாயிறு மதியம் பார்த்துவிட்டு 12 நிமிடம் என்று சந்தோஷப்படாதீர்கள். ஐ-4 நெடுஞ்சாலையில் ஏறாமலே போய்ச் சேர முடிகிற இடமாக இருந்தால் பாதித் தலைவலி குறையும். லேக் புவேனா விஸ்டா, 192-இல் டிஸ்னி வாசலை ஒட்டிய பகுதி, மேற்கே 429 டோல் ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக் குடியிருப்புகள், இவற்றில் தேடத் தொடங்கலாம். 429-இலிருந்து வெஸ்டர்ன் வே வழியாக நேராக டிஸ்னிக்குள் போய்விடலாம்.

'இலவச ஷட்டில்' என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். முதல் முறை நாங்கள் தங்கிய ஹோட்டலிலும் இருந்தது. முந்தின நாளே பெயர் எழுதிவைக்க வேண்டும், காலையில் ஒன்பதரைக்கு ஒரு வண்டி, திரும்பி வர மாலையில் ஒன்று, இரவில் ஒன்று. நடுவே மூன்று ஹோட்டல்களில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அந்த நேரத்துக்குள் பெரிய ரைடுகளின் வரிசை எல்லாம் நீண்டுவிடும். ஷட்டிலை நம்பித்தான் போக வேண்டும் என்றால், ரூம் போடும் முன் போன் செய்து, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எந்த வாசலில் இறக்கிவிடுவார்கள் என்று மூன்றையும் கேளுங்கள்.

படி 3: இரவு வாடகையை விட்டுவிட்டு மொத்தத்தைக் கூட்டுங்கள்

விளம்பரத்தில் தெரிவது ஒன்று, கட்டுவது வேறு. மூன்று படுக்கையறை, பின்னால் சின்ன நீச்சல் குளம், இரவுக்கு 180 டாலர் என்று ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக் காட்டுவதற்காக, உங்கள் தேதிக்கு மாறும்.

ஆறு இரவுக்கு 1,080. சுத்தம் செய்யும் கட்டணம் 150. குளத்து நீரைச் சூடாக்க நாளைக்கு 35 வீதம் 210. புக்கிங் தளத்தின் சேவைக் கட்டணம் 180. ஆக 1,620. இதற்கு மேல் வரி. கிஸ்ஸிமி இருக்கும் ஒசியோலா கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விற்பனை வரி 7.5%, சுற்றுலா வரி 6%, சேர்ந்து 13.5%. அது சுமார் 219. மொத்தம் 1,839. இரவுக்கு 180 என்று தொடங்கியது 306 ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

2025 மே மாதம் முதல் அமெரிக்காவில் ஹோட்டல், வாடகை வீட்டு விளம்பரங்களில் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனாலும் அரசு வரியும், நீங்களாகக் கேட்டு வாங்கும் குளச் சூடும் அதில் வராது. ஜனவரியில் போகிறவர்கள் குளத்தைச் சூடாக்கப் பணம் கட்டாமல் விட்டால் பிள்ளைகள் கால் விரலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் காசு வீண்.

அப்புறம் கார் செலவு. பூங்கா பார்க்கிங் நாளைக்கு 30 டாலர் அளவில். உள்ளே தங்குகிறவர்களுக்கு அது இலவசம். நான்கு நாளுக்கு 120, பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்து 180 என்று வையுங்கள். மொத்தம் சுமார் 2,020. உள்ளே இரண்டு ரூம், ஒவ்வொன்றும் இரவுக்கு 200 என்றால் ஆறு இரவுக்கு 2,400, டிஸ்னி ஹோட்டல்கள் பெரும்பாலும் இருக்கும் ஆரஞ்சு கவுன்டியின் வரி 12.5% சேர்த்து 2,700. வித்தியாசம் 680.

சொந்தக் காரில் போகிற எங்களுக்கு இந்த 680 அப்படியே மிச்சம். விமானத்தில் வந்து வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு அதில் பாதி கரைந்துவிடும். கார் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓர்லாண்டோ விமான நிலையத்திலேயே 'விசிட்டர் டோல் பாஸ்' இலவசமாகத் தருகிறார்கள். முன்கூட்டியே ஆப்பில் பதிந்து, வாங்கிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டால் டோல் மட்டும்தான் கழியும். கார் கம்பெனியின் தினசரி டோல் கட்டணத்துக்கு வேலை இல்லை. ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளோரிடாவில் கார் சீட் கட்டாயம், அதை ஊரிலிருந்தே எடுத்துப்போவது மலிவு.

படி 4: எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு விஷயம். ஒன்று, உள்ளே தங்குகிறவர்களைத் தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் விடுவார்கள். இரண்டு, வரிசையைக் குறைக்கக் காசு கொடுத்து வாங்கும் 'லைட்னிங் லேன்' சீட்டை அவர்கள் ஏழு நாள் முன்பே எடுக்கலாம், நமக்கு மூன்று நாள் முன்புதான். புதிதாக வந்த ரைடுகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நடுவழி ஒன்றும் உண்டு. டிஸ்னியின் கடைத்தெருவான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் இருக்கும் சில ஹோட்டல்கள் டிஸ்னியுடையவை அல்ல, ஆனாலும் அங்கே தங்குகிறவர்களுக்கும் அந்த அரை மணி நேரச் சலுகை உண்டு. புக் செய்யும்போது இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓர்லாண்டோவிலேயே இருக்கும், டிஸ்னியுடையது அல்லாத யுனிவர்சல் பூங்காவுக்கு மட்டும் போகிறவர்கள் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும். அங்கே மூன்று பெரிய ஹோட்டல்களின் வாடகையிலேயே வரிசை தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸும் அடங்கியிருக்கிறது. அதைத் தனியாக ஆளுக்கொன்று வாங்கினால் கண்ணைக் கட்டும், அங்கே உள்ளே தங்குவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

படி 5: சமையலறையைப் பயன்படுத்துங்கள்

வெளியே தங்குவதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். டிஸ்னி பூங்காவுக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. பல பேருக்கு இது தெரிவதில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, உதிரி ஐஸ்கட்டி கூடாது. உள்ளே சூடாக்கித் தர மாட்டார்கள், அதனால் ஆறினாலும் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கட்டுச்சோறு இதற்கென்றே பிறந்தது போல. புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி உருட்டல்.

தயிர்சாதம் மட்டும் கவனம். ஃப்ளோரிடா வெயிலில் பத்து மணிக்கே புளித்துவிடும். சாதத்தைச் சூட்டோடு குழைய மசித்து, பாதி சூடு ஆறியதும் நிறையப் பால் விட்டு, ஒரே ஒரு கரண்டித் தயிர் சேர்த்துக் கலந்து டப்பாவில் அடையுங்கள். முந்தின இரவே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் வைத்துக் கட்டியாக்கி, டப்பாவின் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்க வையுங்கள். மதியம் சாதம் குளிர்ந்தபடி இருக்கும், பாட்டிலில் குடிக்க ஐஸ் தண்ணீரும் இருக்கும். ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வாசல் பை சோதனையில் நிற்க வேண்டி வரும். உள்ளே கவுன்டர்களில் கேட்டால் ஒரு கப் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள், பாட்டில் வாங்க வேண்டாம்.

வீட்டில் பாத்திரம் பண்டம் இருக்கும், குக்கர் இருக்காது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் அஞ்சறைப் பெட்டியும் காரில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, தாளிப்பதற்கு முன் அடுப்புக்கு மேல் இருக்கும் ஃபேனைப் போடுங்கள். அம்மா முதல் நாள் காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்ட அரை நிமிடத்தில் புகை அலாரம் வீடு முழுக்க அலற, அப்பா துண்டை எடுத்து விசிறிக்கொண்டே நின்றார்.

படி 6: காலையில் சீக்கிரம், மதியம் வீட்டுக்கு

மேஜிக் கிங்டம் போகும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து காரில் வருகிறவர்கள் பூங்கா வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, மோனோரயிலிலோ படகிலோ அக்கரைக்குப் போக வேண்டும். வயதானவர்களோடு போனால் படகு எடுங்கள், ஆட்டம் குறைவு, காற்றும் வரும். காரை விட்டு இறங்கியதும் வரிசைப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'சிம்பா', 'உர்சுலா' என்று பெயரும் எண்ணும் எழுதியிருக்கும், இரவு பத்தரைக்கு அதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

கோடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி மழை வருவது அங்கே வழக்கம். மின்னல் வெட்டினால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்பே கிளம்பி வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஐந்து மணிக்குத் திரும்பப் போங்கள். ஒரு நாள் பார்க்கிங் காசு அன்றைக்கு முழுக்க, நான்கு பூங்காவுக்கும் செல்லும், திரும்பக் கட்ட வேண்டாம். இரண்டாவது படியில் மேப்பில் நேரம் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான், 15 நிமிட தூரத்துக்குள் வீடு பாருங்கள். 40 நிமிட தூரத்தில் இருந்தால் யாரும் திரும்பி வர மாட்டார்கள், பிள்ளைகள் மூன்று மணிக்கு நடுத்தெருவில் அழுவார்கள்.

வாணவேடிக்கை முடிந்ததும் ஓடாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் படகுக்குப் போவார்கள். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சம் இருக்கும் சப்பாத்தியைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: சாவி கையில் வந்ததும்

முதலில் குளத்துப் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். அலாரம் கத்த வேண்டும். சின்னப் பிள்ளைகள் தனியாகப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்திருப்பது அது. கதவுக்கு மேலே பெரியவர்கள் கை எட்டும் உயரத்தில் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்திவிட்டுத் திறந்தால் சத்தம் வராது. சத்தம் தொந்தரவு என்று பேட்டரியைக் கழற்றி வைக்காதீர்கள். கத்தவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே மெசேஜ் போடுங்கள்.

காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 10 மணி. முந்தின இரவே வாஷிங் மெஷினில் அழுக்குத் துணியைப் போட்டுவிட்டால் ஊருக்குத் துவைத்த துணியோடு போகலாம். கிளம்பும்போது பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்து பாருங்கள். எங்கள் குக்கர் வெயிட் இன்னும் அங்கே ஒரு வீட்டில்தான் இருக்கிறது.