கொட்டகைக் காற்றை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் புதிதாகக் கறவை மாடு வளர்க்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பியின் கொட்டகைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். அம்மோனியா அளக்கும் கருவியை அவர் உத்தரத்தில், மின்விசிறிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் கட்டியதும் அதே இடத்தில்தான். பேட்டரியை மாற்ற மறப்பது, கருவியின்மேல் தண்ணீர் பீய்ச்சுவது போன்றவற்றை எவரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

கருவியை உயரத்தில் கட்டுவது

மாடு முட்டாது, தண்ணீர் தெறிக்காது என்பதால் உத்தரம் பாதுகாப்பான இடமாகத் தோன்றும். அம்மோனியா காற்றைவிட இலேசானது, எப்படியும் மேலே வந்துவிடும் என்ற எண்ணமும் அதற்குத் துணை நிற்கும். ஆனால் மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணத்தில் இருக்கும் யூரியேஸ் என்னும் நொதி சிதைக்கும்போதுதான் அம்மோனியா உண்டாகிறது. அது உண்டாகும் இடம் தரை. அங்கிருந்து எழும் வாயு உத்தரத்தை எட்டுவதற்குள் விசிறிக் காற்றில் கலந்து நீர்த்துவிடுகிறது.

என் கருவி மாதக்கணக்கில் 6 அல்லது 7 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு) என்றே காட்டியது. அதே மாதங்களில் கன்றுகள் ஓயாமல் இருமின. ஊசி போட்டேன், தீவனத்தை மாற்றினேன், செம்பனைப் புண்ணாக்கில் பூஞ்சை இருக்குமோ என்று மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கிடாரிக் கன்றுகள் இறந்த பிறகு, கால்நடை மருத்துவர் தம் கைக்கருவியை ஈர மரத்தூளின்மேல் படுத்திருந்த ஒரு கன்றின் மூக்கருகே நீட்டினார். அது 34 என்று காட்டியது. எட்டு மணிநேரம் வேலை செய்யும் மனிதருக்கே 25 பிபிஎம்தான் வரம்பு. கால்நடைகளுக்கு 20ஐத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. கன்றோ நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது. நான்கு பக்கமும் பலகை அடித்த அடைப்புக்குள், மேலே விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் தரையோரக் காற்று அசைவதில்லை. கருவி உத்தரத்துக் காற்றைச் சரியாகத்தான் அளந்தது; அந்த எண்ணை நம்பி, கண்முன் இருமிய கன்றுகளை நம்பாமல் விட்டேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கன்றுகளின் அடைப்பில் தரையிலிருந்து அரை மீட்டருக்குள்ளும், கறவை மாடுகள் நிற்கும் பகுதியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலும், விசிறிக் காற்று நேராகப் படாதவாறு கருவியைக் கம்பிக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டு செய்ய ஆகும் செலவு ஒரு கன்றின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

பகலில் மட்டும் பார்ப்பது

பிற்பகலில் காற்று வீசும்போது எந்தக் கொட்டகையும் நல்ல எண்ணையே காட்டும். காற்று அடங்கிய விடியற்காலையில், பால் கறக்கப் போகும் முன்பும், சாணத்தை வழிக்கும் நேரத்திலும் எடுத்த அளவுகளைத்தான் நான் குறித்து வைக்கிறேன்.

கொட்டகைக்குள் நின்று கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது

உள்ளே இருக்கும் அம்மோனியாவையே கருவி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். வெளியே, காற்று வரும் திசையில் நின்று செய்யவும்.

மூக்கை நம்புவது

கால் மணிநேரம் உள்ளே நின்றால் மூக்கு பழகிவிடும்.

ஈரப்பதத்தையும் புகைமூட்டத்தையும் கணக்கில் கொள்ளாதது

மலிவான எம்கியூ-135 உணரி அம்மோனியாவுக்கு மட்டுமன்றிப் புகைக்கும் சாராய ஆவிக்கும் அசையும். ஈரப்பதம் மாறினாலும் அதன் எண் மாறும். ஒளியால் தூசியை எண்ணும் கருவிகள், ஈரத்தில் பருத்த துகள்களை எண்ணி, அதிகாலையில் தூசியை மிகுத்துக் காட்டும். 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டத்தில் எங்கள் கொட்டகைக்குள் ஏறிய தூசி அளவுக்கு வைக்கோலைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. வெளியிலும் ஒரு கருவி இருந்தால்தான் எது உள்ளே உண்டானது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியும்.

அம்மோனியாக் கருவியோடு சாணக் குழியை நெருங்குவது

தேங்கிய குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும். அம்மோனியாக் கருவியை நம்பி அதைக் கண்டுகொள்ள முடியாது. அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று காத்திருக்கவும் கூடாது. ஏறத்தாழ 100 பிபிஎம் அளவில் அந்த நாற்றத்தை உணரும் திறனே அற்றுப்போகும். அந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளாமல் என் ஆட்கள் எவரையும் நான் குழியருகே விடுவதில்லை. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் சுவாசக் கருவியின்றி அவர் பின்னால் இறங்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லியே அனுப்புகிறேன்.