கிருமிக் கணக்கில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. புதிதாக லேப் பொறுப்பேற்ற மருத்துவர் ஒருவர், தன் மருத்துவமனையின் முதல் ஆன்டிபயோகிராமை (எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற அட்டவணையை) பெருமையோடு திரையில் போட்டார். இரண்டாவது வரியிலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் முதன்முதலில் போட்ட அதே அட்டவணை, அதே தவறு.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஏ.எம்.ஆர்., அதாவது கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்கும் வேலைக்கு வந்தவருக்கு அது தெரியாமல் இருக்காது.

ஒரே நோயாளியைப் பத்து முறை எண்ணுவது

நம் லேபில் ஒரு வருடத்தில் வளர்ந்த கிருமிகளில் எத்தனை சதவீதம் எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று காட்டுவது ஆன்டிபயோகிராம். கல்ச்சர் (சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வரும் முன் எந்த மருந்தில் தொடங்கலாம் என்பதை மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் செய்தது என்ன? லேப் பதிவேட்டில் இருந்த வரிகளையெல்லாம் அப்படியே கூட்டினேன். ஐசியுவில் மாதக்கணக்கில் கதீட்டரோடு (சிறுநீர்க் குழாயோடு) படுத்திருந்த ஒருவருக்குத் திரும்பத் திரும்ப யூரின் கல்ச்சர் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஈ.கோலை கிருமி, மருந்துக்கு அதே எதிர்ப்பு. என் கணக்கில் அவர் ஒருவரே ஒரு சின்ன ஊர்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 40 நோயாளிகள், 8 பேருக்கு மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமி. எதிர்ப்பு 20 சதவீதம். அந்த 8 பேருக்கும் தலா 5 முறை கல்ச்சர் போயிருந்தால் பதிவேட்டில் 72 வரிகள், அதில் 40 எதிர்ப்பு. 56 சதவீதம்!

என் அட்டவணையை நம்பி, நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரையே போதுமாக இருந்தவர்களையும் அட்மிட் செய்து மெரோபெனம் என்ற பலமான ஊசி மருந்தை ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நான் கொடுத்த எண் அப்படி. "ஸ்டாக் ஏன் சார் இவ்வளவு வேகமாகத் தீருது?" என்று பார்மசிஸ்ட் கேட்ட பிறகுதான் பதிவேட்டைத் திரும்பப் புரட்டினேன். கொடுமை என்னவென்றால், மெரோபெனம் அதிகம் ஓடினால் அதற்கு அடங்காத கிருமிக்கு இடம் கிடைக்கும். பொய்க் கணக்கு மெல்ல மெய்க் கணக்காகும். அப்புறம் கையில் மிஞ்சுவது, வேறு வழியில்லாதபோது மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 'ரிசர்வ்' பட்டியலில் வைத்திருக்கும் கொலிஸ்டின் போன்றவைதான்.

ஒரு நோயாளி, ஒரு கிருமி, ஒரு வருடம்: முதல் ஐசொலேட் (சாம்பிளிலிருந்து வளர்த்துப் பிரித்த கிருமி) மட்டும். ஒரு கிருமிக்கு ஐசொலேட்கள் 30-க்குக் குறைவாக இருந்தால் சதவீதம் போடாதீர்கள். ஐசியு தனி, வார்டு தனி, ஓபி தனி. இலவசமாகக் கிடைக்கும் ஹூநெட் மென்பொருளில் முதல் ஐசொலேட்டை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்வு செய்ய மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

யாருடைய சாம்பிள் என்று கேட்காதது

இரண்டு ஆன்டிபயாட்டிக் தோற்ற பிறகுதான் பல இடங்களில் கல்ச்சரே அனுப்புகிறார்கள். எளிதில் குணமானவர் லேபுக்கு வருவதே இல்லை; அதனால் எதிர்ப்பு நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2013-ல் தொடங்கிய ஏ.எம்.ஆர். கண்காணிப்பு வலையமைப்பின் தரவும் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுடையது. அதைத் தாலுகா ஓபிக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

டெல்லித் திட்டத்தை நகலெடுப்பது

ஏ.எம்.ஆருக்கான முதல் தேசிய செயல்திட்டம் 2017-ல் வந்தது. ஆனால் சுகாதாரம் மாநிலத்தின் பொறுப்பு. கேரளா 2018-ல் தனக்கென ஒரு திட்டம் போட்டது, 2019-ல் மத்தியப் பிரதேசம். பெரும்பாலான மாநிலங்கள் அதற்குள் அசையவில்லை. நகலெடுத்த திட்டத்தில் யார், எந்தப் பணத்தில் செய்வது என்ற வரி இருக்காது. முதலில் அதை எழுதுங்கள்.

மருந்துக்கடைக்காரரை மட்டும் மிரட்டுவது

சில ஆன்டிபயாட்டிக்குகள் உள்ளிட்ட மருந்துகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஷெட்யூல் எச்1 விதி 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயரோடு பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர்கள் பதிவேடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். அதைப் புரட்டி, எந்த மருத்துவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்தால் சில சமயம் பிரச்சினை கடையில் இருக்காது. நம் ஓபியிலேயே இருக்கும்.

கால்நடைத் துறையைக் கூப்பிடாமல் கூட்டம் போடுவது

உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கென்று கொலிஸ்டின் தயாரித்து விற்பதை 2019 ஜூலையில் இந்தியா தடை செய்தது. உங்கள் மாவட்டத்துக் கோழித் தீவனத்தில் இன்று என்ன கலக்கிறார்கள் என்பது கால்நடைத் துறையினருக்குத்தான் தெரியும்.

நவம்பர் 18 முதல் 24 வரை மட்டும் விழித்திருப்பது

அது உலக ஏ.எம்.ஆர். விழிப்புணர்வு வாரம். பேனர் கட்டினால் கிருமி சாகாது.